நீங்கள் பார்க்காமல் விட்டதால் போகவில்லை, அண்ணாச்சி

சாயங்காலம் கொள்ளு தின்ற குதிரை விடிவதற்குள் வயிற்று வலியில் போய்விட்டது, நான் சரியாகக் கவனிக்கவில்லையோ என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படி நினைக்காதீர்கள் அண்ணாச்சி. குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. அவ்வளவு பெரிய உடம்புக்கு இரைப்பை ரொம்பச் சின்னது. குடல் முறுக்கிக்கொண்டால் அறுவை சிகிச்சைதான் வழி. சில மணி நேரத்திலேயே கை மீறிப் போய்விடும்.

திசையன்விளைப் பக்கம் எங்கள் பெரியப்பா ஒரு வெள்ளைக் குதிரை வைத்திருந்தார். அதுவும் இப்படித்தான் போனது. திரும்பித் திரும்பித் தன் விலாவையே பார்த்தது, முன்னங்காலால் தரையைப் பறித்தது, அப்புறம் படுத்துப் புரண்டது. கழுத்தெல்லாம் வியர்வை. டாக்டர் உதட்டை விலக்கி ஈறைப் பார்த்தார். சிவப்பே இல்லை, வெளிறிக் கிடந்தது. பெரியப்பா அதற்கப்புறம் வேறு குதிரை வாங்கவே இல்லை. அந்த வருத்தம் எனக்குப் புரிகிறது.

குதிரை வைத்திருக்கும் மற்றவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் தேரிக்காடு மாதிரி மணல் தரையில் தீவனத்தைக் கொட்டாதீர்கள், தொட்டியில் போடுங்கள். மணல் குடலில் சேர்ந்தாலும் இந்த வலி வரும். வளர்ந்த குதிரை சும்மா நிற்கும்போது நாடி நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை இருக்கும். 60-ஐத் தாண்டி, லத்தியும் போடவில்லை என்றால் விடியட்டும் என்று இருக்க வேண்டாம். திருநெல்வேலிக்காரர்களுக்கு ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. டாக்டரிடம் ஃபோனில் பேசும்போதே நாடிக் கணக்கையும், கடைசியாக லத்தி போட்ட நேரத்தையும் சொல்லிவிடுங்கள்.