பழைய பார்ட்டைப் பார்க்க எல்லை தாண்டணுமா?

"நாளைக்கு வாங்க அண்ணே." எஞ்சின் பட்டறைக்காரர் வாயிலிருந்து இதையே 41 நாள் கேட்டேன். மாலை போட்டவர்கள் ஒரு மண்டலம் விரதமிருந்து மலையேறி இறங்கிவிடுவார்கள். என் வள்ளத்தின், அதாவது சின்னப் படகின், பின்னால் மாட்டுகிற அவுட்போர்டு எஞ்சின் மட்டும் பட்டறை மூலையில் சாக்கு போர்த்திக் கிடந்தது.

அதுவும் எந்த நாட்களில்? ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை, மேற்குக் கரையில் விசைப்படகுகளுக்குத் தடை இருக்கும் 61 நாளில். குமரி மாவட்டத்து நீரோடிப் பக்கம் என்னைப் போன்ற சின்ன வள்ளக்காரனின் மீனுக்கு நாலு காசு சேர்த்துக் கிடைப்பதே அப்போதுதான். ஆனி ஆடியில் கடல் விடுகிற நாளே குறைவு. விட்ட நாளில் பக்கத்து வள்ளம் கணவாயோடு கரை ஏறுகிறது. நான் பைக்கை உதைத்துக்கொண்டு பட்டறைக்குப் போகிறேன். போன் பண்ணினால் எடுப்பதில்லை. நேரில் போனால் ஸ்பேர் கொச்சியிலிருந்து வரணுமாம். நடந்தே போய் வாங்கி வந்திருப்பேனே!

ஒருவழியாகக் கையில் கொடுத்தார். ஹெட் கேஸ்கட், பிஸ்டன் ரிங், கூலி என்று 18,500 ரூபாய். பில்? காலண்டர் தாளின் பின்பக்கம் நாலு எண். கழற்றிய பார்ட் எங்கே என்றேன். "அதெல்லாம் ஆக்கர்ல போட்டாச்சு." பழைய இரும்புக்குப் போட்டுவிட்டாராம். மூன்றாம் நாள் நடுக்கடலில் கருகல் வாடை, எஞ்சின் நின்றது. இன்னொரு வள்ளத்தில் கயிறு கட்டி இழுபட்டு வந்தோம். "அவரு கைராசிக்காரர், கொஞ்சம் லேட்டாகும்" என்று மச்சான் வக்காலத்து வேறு!

அப்புறம்தான் கேரளத்து விழிஞ்ஞத்துக்குத் தூக்கிப் போனேன். தகரக் கொட்டகை, ஒரே ஒரு பையன். ஸ்பானரைத் தொடுமுன் அவன் கேட்ட கேள்வி: "சைடு ஓட்டையில வெள்ளம் வந்தோ சேட்டா?" வெள்ளம் என்றால் மலையாளத்தில் தண்ணீர். எனக்குச் சுருக்கென்றது. ஓடுகிற எஞ்சினின் பக்கவாட்டில் விரல் பருமனுக்குக்கூட இல்லாமல் ஒரு தண்ணீர்த் தாரை பீய்ச்சும். குளிர்விக்கிற தண்ணீர் உள்ளே சுற்றுகிறது என்பதற்கு அதுதான் அடையாளம். தண்ணீர் ஏறாவிட்டால் எஞ்சினின் தலைப்பாகமான ஹெட் கொதித்து, அதை இறுக்கி அடைக்கிற கேஸ்கட் போகும். டிரம்மில் இறக்கி ஓட்டிப் பார்த்தான். பீய்ச்சவில்லை. கீழ்ப்பாகத்தைக் கழற்றி, பம்புக்குள் தண்ணீரைத் தள்ளுகிற ரப்பர் இதழ்ச் சக்கரமான இம்பெல்லரை எடுத்துப் பேப்பரில் வைத்தான். ஆறு இதழில் மூன்று இல்லை. ஒடிந்த துண்டு ஒன்று தண்ணீர்ப் பாதையில் அடைத்துக் கிடந்ததை கம்பியால் நோண்டி என் கையிலேயே போட்டான்.

ஆக, பதினெட்டாயிரம் வாங்கியவர் செய்தது, கூரை ஓட்டையை விட்டுவிட்டு நனைந்த பாயை மாற்றிப் போட்ட வேலை. தண்ணீர் வருகிறதா என்று ஒரு தடவை, ஒரே ஒரு தடவை டிரம்மில் ஓட்டிப் பார்த்திருந்தால் போதுமே! 41 நாளில் அதற்கு நேரமில்லையா?

பையன் தொகையை முன்கூட்டியே சொன்னான்: கருகிய கேஸ்கட்டையும் சேர்த்து 3,200. அன்று சாயங்காலமே வேலை முடிந்தது. எழுதிய பில் கொடுத்தான். கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீர் டிரம்மில் பத்து நிமிடம் ஓட்டினால் உப்பு உள்ளே படியாது என்று சொல்லி அனுப்பினான். ஒரு வாரம் கழித்து அவனே போன் பண்ணினான், எஞ்சின் எப்படி ஓடுகிறது என்று. இதைப் போய் அதிசயம்போல ஊரெல்லாம் சொல்லித் திரிகிறேன் பாருங்கள், அதுதான் எரிச்சல். காசு வாங்கினால் இதைச் செய்யவேண்டாமா? இதற்கு நான் களியக்காவிளை எல்லை தாண்டிப் போகணுமா?

நேற்று பழைய பட்டறையிலிருந்து போன். அந்த 41 நாளில் எடுக்காத அதே நம்பர். பாக்கி ஐந்நூறு ரூபாய் எப்போது தருவீர்கள் என்று கேட்டார். நாளைக்கு வருகிறேன் என்றேன். ஒடிந்த இம்பெல்லரைப் பையில் எடுத்து வைத்திருக்கிறேன்.