ஜவ்வுக் கிழிவுக்கெல்லாம் அறுவை சிகிச்சை வேண்டுமா?

முழங்கால் ஜவ்வு (மூட்டெலும்புகளுக்கு இடையே மெத்தைபோல் இருக்கும் மெனிஸ்கஸ் என்னும் குருத்தெலும்பு) கிழிந்தால் தாமதிக்காமல் அறுவை சிகிச்சை செய்துகொள்ள வேண்டும் என்று நான் படித்த கட்டுரையொன்று பொதுப்படையாகக் கூறுவது எனக்கு ஏற்புடையதாக இல்லை. பின்லாந்தில் 146 பேரைக் கொண்டு நடத்தி 2013-இல் வெளியிட்ட ஆய்வில், தேய்மானத்தால் ஜவ்வு கிழிந்தவர்களுள் ஒரு பகுதியினருக்குக் கிழிந்த பகுதியை அகற்றியும், மற்றவர்களுக்கு அகற்றுவது போன்ற பாவனையை மட்டும் செய்தும், ஓராண்டு கழித்துப் பார்த்தபோது வலியில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. அடிபட்டு, காலை நீட்ட முடியாமல் மூட்டு பூட்டிக்கொள்ளும் இளைஞர்களின் நிலை வேறு. ஆனால் முக்கூடல், ஆலங்குளம் பக்கம் மடியில் முறத்தை வைத்துக்கொண்டு நாள் முழுவதும் தரையில் அமர்ந்து பீடி சுற்றும் எங்கள் அத்தைமார், எம்.ஆர்.ஐ. அறிக்கையில் கிழிவு என்று இருந்தாலே நகையை அடகு வைக்க ஓடுகிறார்கள்; தொடைத் தசையை வலுவாக்கும் பயிற்சியைச் சில மாதங்கள் முறையாகச் செய்து பார்க்கலாம் என்று அவர்களுக்கு முதலில் சொல்ல வேண்டாமா? இவர்களைப் போன்றவர்களைக் கொண்டு அத்தகைய ஆய்வொன்றைத் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரியிலேயே நடத்த வேண்டும்.