அருவிக்கு டைம்டேபிள் கிடையாதுங்க

நேற்றிலிருந்து ஓடிக்கொண்டிருக்கும் குற்றாலம் பஞ்சாயத்தை எல்லோரும் படித்திருப்பீர்கள்: டூர் வேனில் போனவர்களை அருவியில் குளிக்க விடாமலே கைடு திருப்பிக் கூட்டிவந்துவிட்டானாம். அதே வேனில் நானும் இருந்தேன் என்பதால் சொல்கிறேன்: அந்தக் கைடு தம்பி செய்ததில் ஒரு தப்பும் இல்லை.

மதுரையில் காலை 5 மணிக்கு ஏறினோம், தலைக்கு 1,200 ரூபாய். ராஜபாளையம், புளியங்குடி, கடையநல்லூர் எல்லாம் தாண்டிப் போய் இறங்கினால் பேரருவியில் குளிக்கத் தடை. பாதுகாப்பு வளைவைத் தாண்டிக் கொட்டுகிறது தண்ணீர். ஐந்தருவியிலும் தடை. "இன்னைக்குக் குளிக்க முடியாது சார், பார்த்துட்டுக் கிளம்பலாம்" என்று அவன் சொன்னதுதான் குற்றம். அதற்கு ஒற்றை ஸ்டார், "ஏமாற்று வேலை" என்று ஒரு பதிவு, கீழே "பணத்தைத் திருப்பி வாங்குங்க" என்று 40 பேர். தடை போட்டது போலீஸ், திட்டு வாங்கியது கைடு.

அருவி என்ன நம் வீட்டு ஷவரா?

"இங்கே ஒரு சொட்டு மழை இல்லை, வெயில் அடிக்குது, அப்புறம் என்ன தடை?" என்று வேனில் ஒருவர் கத்தினார். படித்தவர்தான். மழை பெய்வது மேலே, திரிகூட மலையில். அந்தத் தண்ணீர் செண்பகாதேவி அருவி வழியாக இறங்கி, பொங்குமாக்கடல் பள்ளத்தில் விழுந்து, பொங்கித்தான் நம் தலைக்கு வருகிறது. கீழே பஜ்ஜி தின்றுகொண்டிருக்கும் நமக்கு மேலே நடப்பது எப்படித் தெரியும்? 2024 மே மாதம் பழைய குற்றாலம் அருவியில் திடீர் வெள்ளம் வந்து கூட்டம் படியேறி ஓடிய வீடியோவை நீங்களும்தான் ஷேர் செய்தீர்கள். 17 வயதுப் பையன் போய்விட்டான். அன்றைக்கு "முன்னாடியே தடுத்திருக்கலாமே" என்று உருகியவர்கள்தான் இன்றைக்குத் தடுத்தவனைத் திட்டுகிறீர்கள்.

எனக்கு ஒன்பது வயது இருக்கும். ஐந்தருவியில் அப்பா தலையில் எண்ணெய் வழிய நின்றுகொண்டிருந்தார். (இப்போது எண்ணெய்க்கே தடை, அது வேறு கதை.) தண்ணீர் டீ நிறத்துக்கு மாறி, சருகும் குச்சியுமாக விழ ஆரம்பித்தது. எனக்கு அது வேடிக்கை. அப்பா என் முடியைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே ஓடினார். மதுரை வந்து சேரும்வரை நான் அவரோடு பேசவில்லை. அன்று கையில் போன் இருந்திருந்தால் அவருக்கும் ஒற்றை ஸ்டார்தான். புத்தி வந்து அதைச் சொல்லலாம் என்றபோது சொல்ல அவர் இல்லை.

"வானிலை பார்த்துவிட்டுக் கூட்டிப்போக வேண்டியதுதானே?" சீசன் என்றாலே மலையில் மழை என்றுதான் அர்த்தம். மழை இல்லாத நாளில் கூட்டிப்போனால் "குழாய் மாதிரி ஒழுகுது" என்று அதற்கும் ஒரு ஸ்டார் போடுவீர்கள்.

"மூணு மணிக்கு ஐந்தருவியில விட்டுட்டாங்களாமே, காத்திருந்திருக்கலாமே?" சரி, இது நியாயமான கேள்வி. காத்திருந்திருக்கலாம்தான். ஆனால் ராத்திரி பத்துக்குள் வீட்டில் விடணும் என்று காலையிலேயே கறாராகப் பேசியதும் நாம்தானே.

"உனக்கு எவ்வளவு கமிஷன்?" இதைக் கேட்டவர் என் சொந்த மச்சான். இதற்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. கமிஷன் வாங்குகிற ஆள் முழுக் காசு கொடுத்து, கடைசி சீட்டில் முட்டி இடிக்க உட்கார்ந்து வருவானா?

நம் நல்லதுக்கே சொன்னாலும் "முடியாது" என்கிறவனை நமக்குப் பிடிக்காது. அதுவும் இருபத்து சொச்சம் வயதில், தினக்கூலிக்கு வந்த பையன் சொன்னால் கேட்கவே வேண்டாம். லத்தியோடு நின்ற போலீஸ்காரரிடம் "சரிங்க சார்" என்றவர்கள்தான் வேனில் ஏறியதும் இவனிடம் "நீ யாருடா சொல்றதுக்கு" என்றார்கள். மத்தியானம் சாப்பிட அவனை ஒருத்தரும் கூப்பிடவில்லை. நானும்தான் கூப்பிடவில்லை. பக்கத்தில் மச்சான் இருந்தார், வம்பு எதற்கு என்று இலையைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டேன். இவ்வளவு நீளமாக எழுதுவதே அதனால்தானோ என்னவோ.

திரும்பும்போது ராஜபாளையத்தில் வண்டி நின்றது. 18 பேருக்கும் அவன் கைக்காசில் டீ வாங்கிக் கொடுத்தான். "மனசுல வச்சுக்காதீங்க சார்" என்று ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டே நீட்டினான். ஒற்றை ஸ்டார் போட்ட மூன்று பேரும் வாங்கிக் குடித்தார்கள். ஒருவர், சர்க்கரை கம்மி என்றார்.