ஹட்சன் யார்ட்ஸ்: தண்டவாளங்கள் எங்கேயும் போகவில்லை

"நியூயார்க்கில் ஹட்சன் நதிக்கரை ரயில் யார்டை மொத்தமாக இடித்துவிட்டுத்தான் ஹட்சன் யார்ட்ஸ் கோபுரங்களைக் கட்டினார்கள்" என்று ஒரு பதிவு சுற்றி வருகிறது. அது தவறு.

அந்தப் பகுதியில் முன்பு சரக்கு ரயில்கள் ஓடியது உண்மை. பக்கத்திலிருக்கும் ஹை லைன் என்ற உயரத்தில் அமைந்த ரயில் பாதையில் 1980-லேயே சரக்குப் போக்குவரத்து நின்றுவிட்டது. ஆனால் லாங் ஐலண்ட் ரயில் ரோடு என்ற ரயில் நிறுவனத்தின் பயணிகள் ரயில்களை நிறுத்தும் யார்டு இன்றும் கட்டடங்களுக்குக் கீழே இயங்குகிறது. தண்டவாளங்களுக்கு இடையே தூண்கள் இறக்கி, அவற்றின்மேல் பெரிய மேடை போட்டு, அதன்மேல்தான் கோபுரங்களுக்கு நடுவிலிருக்கும் சதுக்கத்தை அமைத்தார்கள். கட்டுமானம் நடந்தபோதும் ரயில்கள் ஓடின. கீழே நிற்கும் ரயில்களின் சூடு மேலே மரவேர்களைத் தாக்காமலிருக்க மண்ணைக் குளிர்விக்கும் குழாய்கள்கூட உண்டு. (இடித்திருந்தால் இந்தத் தலைவலியே இருந்திருக்காது!)

சந்தேகமா? ரயில் யார்டின் உரிமை எம்டிஏ என்ற போக்குவரத்து ஆணையத்திடம்தான் இருக்கிறது. அவர்களுடைய இணையதளத்திலேயே விவரம் கிடைக்கும். ஹட்சன் யார்ட்ஸின் கிழக்குப் பாதி திறக்கப்பட்ட 2019-ன் செயற்கைக்கோள் படங்களைப் பாருங்கள். 11-வது அவென்யூவுக்கு மேற்கே, அப்போது மேடை போடாத பாதியில், தண்டவாளங்கள் வெட்டவெளியில் தெரியும்.

சரி, அந்தப் பதிவு உங்களுக்கு வந்தால் மேற்கொண்டு அனுப்பாதீர்கள். அனுப்பியவரிடம் இதைச் சொல்லுங்கள்.