முதலில் நாற்காலியை நகர்த்திப் பாருங்கள்

டிவிடி பிளேயரை மூட்டை கட்டிவிட்டு, அதைவிடத் தெளிவான படம் தரும் ப்ளூரே டிஸ்க் பிளேயர் வாங்கலாமா, இல்லை ஒரேயடியாக அதற்கும் அடுத்த படியான 4கே ப்ளூரேவுக்கே போய்விடலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். "உங்கள் சோபாவுக்கும் டிவிக்கும் நடுவில் எத்தனை மீட்டர்?" என்று திருப்பிக் கேட்டேன். பேச்சை மாற்றுகிறேன் என்று நினைத்துக்கொண்டார்.

பட்டவன் என்பதால்தான் கேட்டேன். ப்ளூரே பிளேயர் வாங்கிய புதிதில், பழைய டிவிடி பிளேயரில் இருந்த மஞ்சள், சிவப்பு, வெள்ளை கேபிளையே பிடுங்கி இதில் செருகினேன். அந்த மஞ்சள் கேபிளில் உயர்தரப் படம் வரவே வராது. எந்த டிஸ்க்கைப் போட்டாலும் டிவிடி அளவுக்கு இறக்கித்தான் அனுப்பும். எனக்கு அது தெரியாது. வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் "என்ன தெளிவு பாருங்கள்!" என்று மூன்று மாதம் பெருமையடித்தேன். அவர்களும் ஆமாம் ஆமாம் என்றார்கள்! விஷயம் தெரிந்து, உயர்தரப் படத்தைக் கடத்தும் எச்டிஎம்ஐ கேபிள் மாட்டிய அன்றும் பெரிய மாற்றம் தெரியவில்லை. அப்போதுதான் டேப்பை எடுத்து அளந்தேன். 43 அங்குல டிவி, நான் உட்காருவது கிட்டத்தட்ட நான்கு மீட்டர் தள்ளி.

டிவிடியில் ஒரு படச்சட்டத்துக்கு 720 x 480 புள்ளிகள், சில நாடுகளில் 720 x 576. ப்ளூரேயில் 1920 x 1080. பெருக்கிப் பார்த்தால் ஐந்தாறு மடங்கு அதிகம். கடையில் மூக்கை ஒட்டி நின்று பார்க்கும்போது அது அப்படியே தெரியும். ஆனால் நல்ல கண்ணுக்கே ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்குக்குக் குறைவாக இருக்கும் நுணுக்கம் பிடிபடாது. இந்தக் கணக்குப்படி, 1080 வரிகளையும் முழுசாக அனுபவிக்கத் திரையின் உயரத்தைப் போல் மூன்று மடங்கு தூரத்துக்குள் இருக்க வேண்டும். என் டிவிக்கு அது சுமார் 1.7 மீட்டர். மூன்றரை மீட்டரைத் தாண்டிவிட்டால் டிவிடிக்கும் ப்ளூரேவுக்கும் உள்ள வித்தியாசத்தில் பெரும்பகுதி வழியிலேயே கரைந்துவிடும். ப்ளூரேயைப் போல் நான்கு மடங்கு புள்ளிகள் கொண்ட 4கே என்றால் இன்னும் மோசம், ஒரு மீட்டருக்கும் குறைவான தூரத்தில் போய் உட்கார வேண்டும். அப்படி உட்கார்ந்து யார் படம் பார்ப்பது?

அப்படியானால் எல்லாம் வீண் என்கிறேனா? இல்லை. புள்ளிக் கணக்கை மட்டும் வைத்து வாங்காதீர்கள் என்கிறேன். எனக்கு உண்மையில் பலன் தெரிந்தது இருட்டுக் காட்சிகளில். டிவிடியில் படத்துக்கு நொடிக்கு அதிகபட்சம் 9.8 மெகாபிட் தகவல்தான். ப்ளூரேயில் 40 வரை போகலாம். மழை, புகை, நள்ளிரவுத் தெரு என்று வரும்போது டிவிடியில் கறுப்பு கட்டம் கட்டமாக உடையும். ஆன்லைனில் பார்க்கும் படங்களுக்கும் இதே வியாதி உண்டு, 4கே என்று முத்திரை குத்தியிருந்தாலும்கூட. நல்ல ப்ளூரே டிஸ்க்கில் அந்த இருட்டு இருட்டாகவே நிற்கும்.

அப்புறம் ஒலி. இதை யாருமே கேட்பதில்லை. டிவிடியில் டால்பி ஒலியை நொடிக்கு 448 கிலோபிட்டுக்குள் நசுக்கி அடைத்திருப்பார்கள். பல ப்ளூரே டிஸ்க்குகளில் ஸ்டுடியோவில் முடித்த ஒலி ஒரு துளி இழப்பில்லாமல் இருக்கும். ஆனால் டிவிக்குப் பின்புறம் ஒட்டியிருக்கும் இரண்டு சின்ன ஸ்பீக்கரில் அதைக் கேட்பதும் கேட்காததும் ஒன்றுதான். கையில் இருக்கும் பணம் ஒரு சாமானுக்குத்தான் போதும் என்றால், பிளேயரை விட்டுவிட்டு நல்ல ஸ்பீக்கர் வாங்குங்கள். பழைய டிவிடிகூடப் புதுப் படம் மாதிரி இருக்கும்.

டிஸ்க்கையும் பார்த்து வாங்க வேண்டும். 35 மி.மீ. பிலிமில் எடுத்த பழைய படத்தை நெகட்டிவிலிருந்து ஒழுங்காக ஸ்கேன் செய்திருந்தால் அசந்துபோவீர்கள். டிவிடிக்காக என்றோ எடுத்த பிரதியைத் தூசி தட்டி, பிலிமுக்கே உரிய நுண்துகள் பொரிபொரியை வழித்துத் துடைத்துப் போட்டிருந்தால் நடிகர் முகம் மெழுகு பொம்மை மாதிரி இருக்கும். 4கே டிஸ்க்கிலும் இப்படி ஒன்று உண்டு. டிஜிட்டலில் எடுத்த படங்கள் பலவற்றை ப்ளூரேயை ஒட்டிய 2கே அளவில்தான் முடித்தார்கள், அதைப் பெரிதாக்கித்தான் விற்கிறார்கள். அங்கே கிடைக்கும் உண்மையான லாபம், இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் உள்ள வீச்சைக் கூட்டும் எச்டிஆர் தரும் வெளிச்சமும் நிறமும். அதைக் காட்டும் திராணி உங்கள் டிவிக்கு இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

தொந்தரவுகளும் உண்டு. டிஸ்க்கைப் போட்டால் உடனே படம் ஓடாது, எச்சரிக்கைகளும் மெனுவும் வந்து முடிய ஒரு கொட்டாவி விடலாம். பிளேயரின் மென்பொருளைப் புதுப்பிக்காவிட்டால் புது டிஸ்க் அடம் பிடிக்கும். வாங்கிய வகையே வழக்கொழிந்துபோகும் பயமும் உண்டு. 2006இல் ப்ளூரேவும் எச்டி டிவிடி என்ற இன்னொரு உயர்தர டிஸ்க்கும் போட்டியாக வந்தன. 2008 பிப்ரவரியில் தோஷிபா எச்டி டிவிடியைக் கைவிட்டது, அதை நம்பி வாங்கியவர்கள் கையில் காட்சிப்பொருள்தான் மிஞ்சியது. ஜெயித்த பக்கமும் இப்போது மெலிந்துகொண்டே வருகிறது. ஒப்போ 2018இல் பிளேயர் தயாரிப்பை நிறுத்தியது, சாம்சங் அடுத்த ஆண்டு அமெரிக்காவில் புது மாடல்கள் இல்லை என்றது.

இவ்வளவுக்குப் பிறகும் நான் ப்ளூரேவை விடவில்லை. ஆண்டுக்கு ஒருமுறையாவது திரும்பப் பார்க்கும் படங்கள் எனக்கு இருபது இருக்கும். அவை நேற்று ஆன்லைனில் இருந்தன, இன்று இல்லை என்ற கதை எனக்கு வேண்டாம். அந்த இருபதை மட்டும் ப்ளூரேயில் வாங்கினேன். மீதி டிவிடிகள் அப்படியே அலமாரியில் இருக்கின்றன, ப்ளூரே பிளேயர் அவற்றையும் ஓட்டுகிறதே. ஒருமுறை பார்த்து மறந்துவிடும் படங்கள்தான் உங்களுக்கு என்றால், இந்தச் செலவே தேவையில்லை.

நண்பர் நேற்று அளந்து சொன்னார், அவர் வீட்டில் மூன்றே முக்கால் மீட்டராம். சோபாவை நகர்த்த வீட்டில் அனுமதி கேட்டிருக்கிறார். என் நாற்காலி இப்போது டிவியிலிருந்து இரண்டு மீட்டரில் கிடக்கிறது. கூடத்தில் நடக்க வழியில்லை என்று தினமும் திட்டு வாங்குகிறேன்.