விற்றது மீனைத்தான், கரையை இல்லை

ஞாயிற்றுக்கிழமை நம் கண்மாய்க் கரையில் நடந்ததை மறுபடி விவரிக்கப் போவதில்லை. காணொளியை எல்லோரும் பார்த்துவிட்டீர்கள். கண்மாய் மீனை ஏலம் எடுத்தவர் தரப்பில் 13 வயதுப் பையனின் தூண்டிலைப் பிடுங்கி முழங்காலில் வைத்து ஒடித்த சத்தம் இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை. அவன் பிடித்திருந்தது நான்கு ஜிலேபி மீன்.

ஏலம் எடுத்தவருக்கு மீன்பாசி உரிமை, அதாவது மீனைப் பிடித்து விற்கும் உரிமை உண்டு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கண்மாய் யாருடையது? ஆயக்கட்டு, அதாவது பாசனம் பெறும் நிலம், 100 ஏக்கருக்குக் குறைவு என்றால் ஊராட்சி ஒன்றியத்துடையது, அதற்கு மேல் என்றால் நீர்வளத் துறையுடையது (முன்பு பொதுப்பணித் துறை). எப்படிப் பார்த்தாலும் பொதுச்சொத்து. கரையில் உட்காரும் உரிமையை யாரும் யாருக்கும் விற்கவில்லை.

"லட்சக்கணக்கில் பணம் போட்டவர் நஷ்டப்பட வேண்டுமா?" என்கிறார்கள். நியாயமான கேள்விதான். அவர் குஞ்சு வாங்கி விட்டது கட்லாவும் ரோகுவும். ஜிலேபி 1952-ல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க மீன். யாரும் விடாமலே பெருகி, வளர்ப்பு மீனின் தீனியைத் தின்கிறது. அதைத் தூக்குகிற பையன் அவருக்கு நல்லதுதான் செய்கிறான். இரவில் வலை போட்டுத் திருடுகிறவனைப் பிடியுங்கள், நானும் கூட வருகிறேன்.

"பிள்ளைகள் தண்ணீரில் விழுந்துவிட்டால்?" ஏலத்துக்கு முன்பு இந்த அக்கறை எங்கே இருந்தது?

அப்பா எனக்குத் தூண்டில் போடக் கற்றுக்கொடுத்தது அதே மடையடியில். கொட்டாங்குச்சியில் ஈரமண்ணும் மண்புழுவும் இருக்கும். தக்கைக்கு மயிலிறகுத் தண்டு. "துடித்தால் கெண்டை கொறிக்கிறது, பொறு. பக்கவாட்டில் நழுவினால் கெளுத்தி, இழு" என்பார். அவர் போய் ஆறு வருடமாகிறது. அவரை நினைத்து உட்கார எனக்கு இருப்பது அந்த ஒரு இடம்தான். அதற்கும் இனி அனுமதி கேட்க வேண்டுமாம்.

திரும்பவும் சொல்கிறேன், விற்றது மீனைத்தான். சிங்கம்புணரி, பொன்னமராவதிப் பக்கம் இன்றும் மீன்பிடித் திருவிழா நடக்கிறது. வெள்ளைத் துண்டை வீசியதும் ஊத்தா, கச்சா, அரிகூடை என்று மீன்பிடி சாமான்களோடு சுற்றுப்பட்டு ஊரெல்லாம் இறங்கும். இங்கே மூன்று வருடமாக அது கிடையாது. மீனை அள்ளுவதற்காக மடையைத் திறந்து தண்ணீரையே வடித்துவிடுகிறார்கள். போன தை மாதம் பால் பிடிக்கிற நேரத்தில் நெல் காய்ந்தது. இப்போது சட்டம் பேசுகிற ஒருவர்கூட அன்று வாய் திறக்கவில்லை.

என்னிடம் இரண்டு தூண்டில்கள் இருக்கின்றன. வரும் ஞாயிறு காலை ஆறு மணிக்கு மடையடியில் இருப்பேன். அந்தத் தம்பியைக் கூட்டி வாருங்கள். ஒடிக்க வருகிறவர்கள் ஏலப் பத்திரத்தையும் கையோடு கொண்டுவந்து, கரை என்ற சொல் அதில் எந்த வரியில் இருக்கிறது என்று அவனுக்குப் படித்துக் காட்டட்டும்.