ப்ளம்பர் படை

ஞாயிற்றுக்கிழமை வார்ஹாமர் 40,000 ஆட்டத்தில், அதாவது சின்னப் பிளாஸ்டிக் பொம்மை வீரர்களை மேஜையில் மோதவிடும் நம் போர் விளையாட்டில், ஒரு தம்பி என் படையைக் கேலி செய்த கதை எல்லோருக்கும் வந்து சேர்ந்திருக்கும், வீடியோவோடு. எதுவும் எழுதக் கூடாது என்றுதான் மூன்று நாள் இருந்தேன். வீட்டிலும் "விடுங்க, சின்னப் பசங்க" என்றார்கள். விட்டிருப்பேன். நேற்று ராத்திரி குழுவில் யாரோ என் படையின் படத்துக்குக் கீழே குழாய் ரிஞ்ச் ஸ்டிக்கர் போட்டார்கள். அதற்குப் பத்தொன்பது பேர் சிரித்திருந்தார்கள். அந்தப் பத்தொன்பதில் நான்கு பேருக்குப் பிரைமர், அதாவது பெயின்டுக்கு முந்தின அடிப்பூச்சு, அடிக்கச் சொல்லிக் கொடுத்தவன் நான்.

கையால் மாற்றிச் செய்த படையும் படைதான். இதைத்தான் சொல்ல வந்தேன். வேலை இருக்கிறவர்கள் இதோடு போகலாம்.

வீடியோவில் தெரியாத ஒன்று இருக்கிறது. அந்தத் தம்பி என் சார்ஜென்டைத் தூக்கிப் பிடித்து, "அண்ணா, இது ஒரிஜினல் இல்லையேண்ணா, ஃபுல்லா எம்-சீல், ப்ளம்பர் படைண்ணா" என்றபோது நானும் சேர்ந்து சிரித்தேன். எம்-சீல் என்றால் ப்ளம்பர்கள் குழாய் ஓட்டை அடைக்கிற பசைமாவு. வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்தபோதுதான் சார்ஜென்டின் அரிவாள் நுனி உடைந்திருப்பதைப் பார்த்தேன். வார்னிஷ் அடித்த பொம்மையை அடித்தட்டைப் பிடித்துத்தான் தூக்க வேண்டும், தலையைப் பிடித்து அல்ல. இதையும் நான்தான் சொல்லிக் கொடுத்திருந்தேன்.

அந்தப் பத்துப் பேரும் கம்பெனிப் பெட்டியில் வந்த கேடியன்கள்தான், அதாவது ஆட்டத்தின் கதையில் வருகிற இம்பீரியல் கார்டு படையின் சிப்பாய்கள், உடம்பு அத்தனையும் ஒரிஜினல். ஹெல்மெட்டைச் சீவி எடுத்துவிட்டு முண்டாசு கட்டினேன். அய்யனார் கோயில் வாசலில் நிற்கிற வீரனுக்கு இருக்குமே, அந்த மீசை வைத்தேன். ஒரு மீசைக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று ஸ்டிக்கர் போட்டவருக்குத் தெரியுமா? எம்-சீல் இரண்டு துண்டையும் நிறம் ஒன்றாகும்வரை பிசைய வேண்டும். அதில் கடுகைவிடச் சின்னதாக இரண்டு உருண்டை. மூக்குக்குக் கீழே வைத்து, ஈர்க்குச்சி நுனியைத் தண்ணீரில் தொட்டு, காதுப் பக்கமாக இழுக்க வேண்டும். தண்ணீர் தொடாமல் இழுத்தால் மீசை குச்சியோடு வந்துவிடும். மொத்த ஆளே ஒரு அங்குலத்துக்குச் சற்று மேல்தான். முதல் மூன்று மீசையும் கம்பளிப்பூச்சி மாதிரி வந்தது, சுரண்டிப் போட்டேன். பத்து மீசைக்கு நான்கு ராத்திரி போனது.

அப்புறம் பெயின்ட். இங்கிலாந்துக்காரன் வீடியோவில் ஸ்ப்ரே பிரைமரை எடுத்து இரண்டு வீச்சில் முடித்துவிடுவான். ஐப்பசி மழையில் நம் மொட்டை மாடியில் அதையே அடித்துப் பாருங்கள். ஈரக் காற்றில் பொடிப் பொடியாக உட்கார்ந்து ஆள் மேல் உப்புத்தாள் ஒட்டின மாதிரி ஆகிவிடும். இப்படி ஐந்து பேரை இழந்தபிறகு பிரஷ்ஷால்தான் பிரைமர் பூசுகிறேன். சித்திரை வந்தால் தலைகீழ் கூத்து, ஃபேனைப் போட்டால் பெயின்ட் தட்டிலேயே காயும், நிறுத்தினால் வியர்வை ஆள் மேல் சொட்டும். அதற்காகத்தான் பழைய டிபன் டப்பாவில் ஈர டிஷ்யூ, அதன் மேல் பட்டர் பேப்பர், அதில் பெயின்ட். கேலி செய்கிற பாதிப் பேர் வீட்டில் இன்று அந்த டப்பா இருக்கிறது. யாரிடம் பார்த்தார்களாம்?

"கம்பெனி பாகம் தவிர வேறு எதுவும் கூடாது, அதுதான் விதி" என்பீர்கள். எந்த விதி? நாட்டிங்ஹாமில் இந்த ஆட்டத்தின் கம்பெனி கேம்ஸ் வொர்க்‌ஷாப் நடத்துகிற போட்டிக்குப் போனால் அவர்கள் விதி. நாம் ஆடுவது ஒரு நண்பர் வீட்டு மாடி அறையில், கேரம் போர்டு மேல் பிளைவுட் போட்டு. சரி, கம்பெனியையே எடுத்துக்கொள்வோம். இந்த ஆட்டம் வந்தது 1987இல். அந்தக் காலத்தில் அவர்கள் பத்திரிகையிலேயே டியோடரன்ட் டப்பாவை வைத்து மிதக்கும் டாங்க் செய்வது எப்படி என்று பாடம் போட்டார்கள். அக்குளில் தடவுகிற டப்பா! அதற்கு ஒரிஜினல் சர்டிஃபிகேட் யார் கொடுத்தது? கதைப்படியே பார்த்தாலும் இம்பீரியல் கார்டுக்கு ஆள் அனுப்பாத கிரகம் இல்லை, ஒவ்வொரு கிரகத்துக்கும் ஒரு உடை. பாலைவனத்துக்காரனுக்குத் தலைப்பாகை உண்டு, பனிநாட்டுக்காரனுக்கு ரோமத் தொப்பி உண்டு. முண்டாசுக்கு மட்டும் விசா கிடையாதா?

"கையில் என்ன துப்பாக்கி என்று எதிராளிக்குத் தெரிய வேண்டாமா?" இது நியாயமான கேள்வி. என் பிளாஸ்மா துப்பாக்கியை ஜெல் பேனா ஸ்பிரிங் சுற்றிச் செய்தேன். அது மெல்டா என்கிற வேறொரு துப்பாக்கி மாதிரித்தான் இருந்தது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே சொன்னேன், சீட்டிலும் எழுதிக் கொடுத்தேன். சந்தேகம் இருந்தால் அப்போதே கேட்டிருக்கலாம். மூன்றாவது சுற்றில், தன் ஆட்கள் விழ ஆரம்பித்த பிறகா ஞாபகம் வரும்?

"காசு மிச்சம் பிடிக்கத்தானே இதெல்லாம்" என்று ஒருவர். ஆமாம் சார். பெட்டி விலை, கப்பல் செலவு, கஸ்டம்ஸ் எல்லாம் சேர்த்தால் எங்கள் வீட்டில் ஒரு மாத மளிகை. சம்பளத்தில் பள்ளிக் கட்டணம் போக மிஞ்சுவதில்தான் நான் போர் நடத்துகிறேன். உங்களுக்கு வெளிநாட்டிலிருந்து மாமா வாங்கி வருகிறார், சந்தோஷம். பெட்டியைப் பிரிக்காமல் அலமாரியில் அடுக்கி வைத்திருக்கிறீர்கள், அதுவும் சந்தோஷம். சாம்பல் நிறப் பிளாஸ்டிக்கை அப்படியே மேஜைக்குக் கொண்டுவருகிறவர் ஒரிஜினல், பத்து முகத்துக்கும் கண் வைத்தவன் டூப்ளிகேட். நல்ல கணக்கு.

இனி, "ஒரு ஜோக்கைக்கூடத் தாங்க முடியாதா அண்ணா?"

என் அப்பா ப்ளம்பர். உங்களில் சிலருக்குத் தெரியும், அந்தத் தம்பிக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. அவனுக்காக இதைச் சொல்லவில்லை.

பெரம்பூரில் நாங்கள் இருந்த வீட்டில் அம்மா மூன்று படி கொலு வைப்பார். பொம்மைகள் எல்லாம் கொசப்பேட்டையில் வாங்கியவை. ஒரு வருஷம் பரணிலிருந்து இறக்கும்போது செட்டியாரின் வலது கை மணிக்கட்டோடு போய்விட்டது. தள்ளிவிட்டது நான்தான். வேறு வாங்கலாம் என்றால் பெரிய செட்டியாருக்குச் சின்னச் செட்டிச்சியாக ஜோடி மாறிவிடும், அம்மாவுக்குப் பிடிக்காது. அப்பா வேலையிலிருந்து வந்து, குளித்துவிட்டு, பையிலிருந்து எம்-சீல் எடுத்தார். பிசைந்து ஒட்டி, விளக்குமாற்றிலிருந்து ஒரு ஈர்க்குச்சியை உருவி ஐந்து விரல் கீறினார். விரலுக்கு நகம் வைத்தார். செட்டியாருக்கு எதற்கு நகம் என்று அம்மா கேட்டதற்கு, "கை என்றால் நகம் இருக்கும்" என்றார். நாள் முழுக்க அடுத்தவர் வீட்டு ஓவர்ஹெட் டேங்குக்குள் உட்கார்ந்து ஓட்டை அடைத்துவிட்டு வந்தவர்.

அந்தச் செட்டியார் இன்றும் எங்கள் வீட்டில்தான் இருக்கிறார். மண் கை ஒன்று, எம்-சீல் கை ஒன்று. கொலுவுக்கு வந்த எந்த மாமியும் இது ஒரிஜினலா என்று கேட்டதில்லை, சுண்டல் வாங்கிக்கொண்டு பாடிவிட்டுப் போனார்கள்.

இப்போது நான் என்ன பேசிக்கொண்டிருக்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. துப்பாக்கியில் ஆரம்பித்துச் சுண்டலுக்கு வந்துவிட்டேன். அதற்கும் ஒரு ஸ்டிக்கர் வரும், வரட்டும். குழுவை விட்டு நான் போகப் போவதில்லை. எதிர்பார்த்துக் காத்திருப்பவர்கள் மன்னிக்கவும்.

வருகிற ஞாயிறும் அதே பத்துப் பேரோடு வருகிறேன். அரிவாள் நுனியைக் குண்டூசி வெட்டி வைத்துச் சரிசெய்துவிட்டேன், இந்தத் தடவை குத்தும், பார்த்து எடுக்கவும். பிளாஸ்மாக்காரனின் ஸ்பிரிங் முழுக்க நீலம் அடித்து, முனையில் வெள்ளை தொட்டு, அவன் முண்டாசு ஓரத்தில்கூட அந்த நீல வெளிச்சம் விழுகிற மாதிரி வைத்திருக்கிறேன். பன்னிரண்டரை மணி வரை அந்த வேலைதான். இப்போது தெரிகிறதா தம்பி, என்ன துப்பாக்கி என்று?